எள்ளுக்கு ஒரு சட்டம், பழுதான கோழிக்கு ஒரு சட்டம்

2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 13ஆம் திகதி, கலிபோர்னியா மாநில ஆளுநர் கவின் நியூசம் தன்னுடைய மேசைக்கு வந்திருந்த இரண்டு சட்டமூலங்களுக்கு முடிவு சொன்னார். இரண்டும் பிள்ளைகளோடு சினேகிதம் கொண்டாடுகிற ஏஐ சாட்பொட்டுகளைப் பற்றியவை. ஒன்றில் கையெழுத்து வைத்தார். மற்றதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். கையெழுத்து வைத்தது நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் கதையின் முக்கியமான பாதி திருப்பி அனுப்பியதற்குள்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

லண்டனில் கோழி வெட்டுகிறவனுக்குக் கலிபோர்னியாச் சட்டத்தில் என்ன அலுவல் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலாவது, இந்த இயந்திரங்களைச் செய்கிற பெரிய கொம்பனிகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே அவர்களுக்கு ஒரு கடிவாளம் போட்டால் ஈஸ்ற்ஹாமிலும் ஸ்காபுரோவிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளின் போனுக்குள்ளும் அது தெரியும். இரண்டாவது, நான் சட்டம் படித்தவன் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம் படித்துக்கொண்டிருந்தபோது, 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரிந்த கதை. பட்டம் முடியவில்லை, உயிர் மிஞ்சியது. இங்கே வந்து கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, இப்போது கறிச்சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இத்தனை வருசமாக நான் தினமும் பார்க்கிற சட்டம் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிற உணவுச் சட்டம் மட்டும்தான். இந்த ஏஐ விவகாரத்தை விளங்கிக்கொள்ள அதுவே எனக்குப் போதுமாக இருக்கிறது.

*

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம்.

சாட்பொட் என்றால், எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்கிற இயந்திரம். கணக்குக் கேட்டால் கணக்குச் சொல்லும். கவுன்சிலில் இருந்து வந்த கடிதத்தைத் தமிழில் சொல்லு என்றால் சொல்லும். அதோடு எனக்குச் சண்டை இல்லை. சொல்லப்போனால் நானும் பாவிக்கிறேன். நான் சொல்வது இன்னொரு வகை. கரெக்ரர் ஏஐ, ரெப்லிகா போன்ற துணைச் சாட்பொட்டுகள். அங்கே தனக்குப் பிடித்த பெயரில், பிடித்த குணத்தில் ஒரு சினேகிதனையோ சினேகிதியையோ காதலனையோ உண்டாக்கிக்கொள்ளலாம். அது இருபத்துநாலு மணித்தியாலமும் விழித்திருக்கும். களைக்காது. கோபிக்காது. நீ சொல்வதுதான் சரி என்று சொல்லும். உன்னை மாதிரி ஒருவரும் இல்லை என்று சொல்லும். ஏன் இப்படிச் செய்கிறது? ஆள் கனநேரம் உள்ளே இருந்தால்தான் கொம்பனிக்கு வருமானம். எங்கள் கடையில் மேசையில் இருப்பவர் இன்னொரு பியர் கேட்கமாட்டாரா என்று முதலாளி பார்ப்பதுபோலத்தான். ஆனால் முதலாளி பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அப்படிப் பார்த்தால் அவருக்குக் கடை இருக்காது.

இங்கே பிரித்தானியாவில் இன்ரநெற் மற்றர்ஸ் என்ற அமைப்பு 2025 யூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 9 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் 64 வீதமானவர்கள் ஏஐ சாட்பொட்டுகளைப் பாவிக்கிறார்கள். பாவிக்கிறவர்களில் 35 வீதமானவர்கள் அதோடு பேசுவது ஒரு சினேகிதரோடு பேசுவது மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். 12 வீதமானவர்கள் சொன்ன காரணம்தான் என்னுடைய நித்திரையைக் கெடுத்தது. பேசுவதற்கு வேறு ஆள் இல்லையாம். அதே மாதத்தில் அமெரிக்காவில் கொமன் சென்ஸ் மீடியா வெளியிட்ட ஆய்வு, அங்கே பதின்ம வயதினரில் 72 வீதமானவர்கள் இந்தத் துணைச் சாட்பொட்டுகளை ஒரு தரமாவது பாவித்திருக்கிறார்கள் என்று சொன்னது.

இது வெறும் பொழுதுபோக்காக நின்றிருந்தால் சட்டம் தேவைப்பட்டிருக்காது. 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் 14 வயதுப் பையன் ஒருவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். மாதக்கணக்காக அவன் கரெக்ரர் ஏஐயில் ஒரு பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு காதலாகவும் பாலியலாகவும் போயிருந்தது என்று தாய் அந்த வருசம் ஒக்ரோபரில் வழக்குப் போட்டார். கொம்பனியின் சட்டத்தரணிகள் என்ன வாதாடினார்கள் தெரியுமா? இயந்திரம் எழுதியது கருத்துச் சுதந்திரத்துக்குள் அடங்குகிற பேச்சு, அதற்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு இருக்கிறது என்று. 2025 மே மாதம் நீதிபதி ஆன் கொன்வே, இந்தக் கட்டத்தில் அதை ஏற்றுக்கொள்ளத் தான் தயாரில்லை என்று சொல்லி வழக்கைத் தொடரவிட்டார். 2026 ஜனவரியில் கரெக்ரர் ஏஐயும் கூகிளும் அந்தக் குடும்பத்தோடும் வேறு சில குடும்பங்களோடும் சமரசத்துக்குப் போயின.

அதற்கிடையில் 2025 ஓகஸ்டில் ரொய்ற்றர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு விசயத்தை வெளியே கொண்டுவந்தது. மெற்றா கொம்பனி, அதுதான் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைத்திருக்கிற கொம்பனி, தன்னுடைய ஏஐ எதைப் பேசலாம் எதைப் பேசக்கூடாது என்று உள்ளுக்குள் ஒரு விதிப்புத்தகம் எழுதி வைத்திருந்தது. அதில் சிறுபிள்ளையோடு காதல் தொனியில் பேசுவது அனுமதிக்கப்பட்டிருந்தது. ரொய்ற்றர்ஸ் கேட்டபிறகு, அந்த ஆவணம் உண்மையானதுதான், அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம் என்று மெற்றா சொன்னது.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அது இயந்திரத்தின் கோளாறு இல்லை. படித்த, சம்பளம் வாங்குகிற மனிதர்கள் ஒரு மேசையில் இருந்து, பிள்ளையோடு எதுவரை போகலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எந்த ஊரில் எந்தக் கிழவன் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு அப்படிப் பேசினாலும் ஊர் கூடிவிடும்.

*

இனி என்னுடைய சமையலறைக்கு வாருங்கள்.

2016 யூலையில், நடாஷா எட்னன்-லபரூஸ் என்ற 15 வயதுப் பிள்ளை ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு பகெற் பாண் வாங்கிச் சாப்பிட்டாள். பாண் மாவுக்குள் எள்ளு இருந்தது. அவளுக்கு எள்ளு ஒவ்வாது. பொதியில் எள்ளு என்று எழுதியிருக்கவில்லை. கடையிலேயே செய்து, கடையிலேயே பொதி செய்கிற சாப்பாட்டுக்கு அப்படி எழுதத் தேவையில்லை என்பதுதான் அன்றைய சட்டம். வாங்குகிறவர் கேட்டால் சொன்னால் போதும். விமானத்தில் வருத்தம் முற்றி அந்தப் பிள்ளை அன்றைக்கே இறந்துபோனாள். பெற்றோர் ஓயவில்லை. 2021 ஒக்ரோபர் 1ஆம் திகதி நடாஷாவின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து இந்த நாட்டில் கடையிலேயே பொதி செய்து விற்கிற சாப்பாட்டில் அதற்குள் உள்ளது முழுவதையும் எழுதவேண்டும். எள்ளு, கடுகு, நிலக்கடலை, பால், முட்டை என்று 14 பொருட்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுப்பாகக் காட்டவேண்டும். எங்களுக்கு எள்ளு என்றால் எள்ளுருண்டை, சனிக்கிழமை எள்ளெண்ணெய். ஒரு பிள்ளையின் உயிரை எடுக்கும் என்று நான் படித்தது இந்தச் சமையலறையில்தான்.

இது ஒரு வகைச் சட்டம். எள்ளு கெட்ட சாமான் இல்லை. கனபேருக்கு நல்லது, சிலருக்கு நஞ்சு. ஆகவே உள்ளதை எழுதி ஒட்டு, வாங்குகிறவர் பார்த்து முடிவெடுக்கட்டும்.

இன்னொரு வகைச் சட்டமும் சுவரில் இருக்கிறது. குளிர்ப்பெட்டி 8 பாகைக்கு மேலே போகக்கூடாது. சூடாக வைத்திருக்கிற கறி 63 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது. காலையும் மாலையும் அளந்து கொப்பியில் எழுதவேண்டும். கவுன்சிலின் சுகாதார அதிகாரி முன்கூட்டிச் சொல்லாமல் வருவார், கொப்பியைத் திறப்பார், குளிர்ப்பெட்டிக்குள் கையை விடுவார், பூச்சியத்திலிருந்து ஐந்துக்குள் ஒரு புள்ளி போட்டுவிட்டுப் போவார். பழுதான கோழியை விற்றால், 1990ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தப்பவேண்டுமென்றால், செய்யக்கூடிய கவனம் எல்லாம் செய்தேன் என்று கடைக்காரர்தான் நிரூபிக்கவேண்டும். 'இந்தக் கோழி சிலவேளை பழுதாக இருக்கலாம், பார்த்துச் சாப்பிடவும்' என்று பலகை எழுதித் தொங்கவிட்டு ஒருவரும் தப்ப ஏலாது. ஏனென்றால் பழுதான கோழி ஒருவருக்கும் நல்லதில்லை.

இப்போது கலிபோர்னியாவுக்குத் திரும்பிப் போவோம்.

நியூசம் கையெழுத்து வைத்தது செனற்றர் ஸ்ரீவ் படியா கொண்டுவந்த எஸ்.பி. 243. 2026 ஜனவரி 1 முதல் அது சட்டம். அதில் என்ன இருக்கிறது? பேசுவது மனிதர் என்று ஆள் நம்பக்கூடிய இடத்தில், இது இயந்திரம் என்று தெரிவிக்கவேண்டும். பிள்ளை என்று தெரிந்தால், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது 'நான் மனிதர் இல்லை, கொஞ்சம் ஓய்வெடு' என்று நினைவூட்டவேண்டும். தற்கொலை எண்ணம் பற்றிப் பேச்சு வந்தால் என்ன செய்வது என்று ஒரு நடைமுறை வைத்திருக்கவேண்டும், உதவி கிடைக்கிற இடத்தைக் காட்டவேண்டும். பிள்ளைகளுக்குப் பாலியல் படங்களைக் காட்டாமலும், அப்படியான செயல்களுக்குத் தூண்டாமலும் இருக்க நியாயமான நடவடிக்கை எடுக்கவேண்டும். மீறினால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம். ஒரு மீறலுக்கு 1,000 டொலர், அல்லது உண்மையான நட்டம், எது கூடவோ அது.

திருப்பி அனுப்பியது றெபேக்கா போவர்-காஹன் கொண்டுவந்த ஏ.பி. 1064. அது கேட்டது வேறு. தன்னுயிருக்குத் தீங்கு செய்யத் தூண்டுவது, பாலியல் பேச்சுக்குள் இழுப்பது, பிள்ளையின் பாதுகாப்பையும் உண்மையையும் விட அது சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவதை முன்னுக்கு வைப்பது, இப்படியானவற்றைச் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே தெரிகிற துணைச் சாட்பொட்டைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அவ்வளவுதான்.

அதாவது, ஒரு சின்னப் பகுதியைத் தவிர, எஸ்.பி. 243 எள்ளுச் சட்டம். எழுதி ஒட்டு, ஞாபகப்படுத்து, அறிக்கை கொடு. ஏ.பி. 1064 கோழிச் சட்டம். பழுதானதை விற்காதே.

இப்போது நீங்களே சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று சொல்கிற இயந்திரம் எள்ளா, பழுதான கோழியா? எந்தப் பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளும்? எந்தப் பிள்ளைக்கு அதில் ஒரு நன்மை இருக்கிறது? மூன்று மணித்தியாலம் காதல் பேசிவிட்டு, நான் மனிதர் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, பிறகும் காதல் பேசலாமாம். பிள்ளைகளுக்கு அது இயந்திரம் என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் பேசுகிறார்கள். படத்தில் சாவது நடிப்பு என்று தெரிந்தும் நாங்கள் கொட்டகையில் இருந்து அழவில்லையா? அறிவுக்குத் தெரிவது வேறு, மனம் ஒட்டுவது வேறு. எழுதி ஒட்டுகிற சட்டம் அறிவோடு பேசுகிறது. கொம்பனி பிள்ளையின் மனத்தோடு வியாபாரம் செய்கிறது.

ஏன் மறுத்தார்? இவ்வளவு அகலமான கட்டுப்பாடு போட்டால் பிள்ளைகள் இந்தக் கருவிகளைப் பாவிப்பதே முற்றாக நின்றுபோகக்கூடும் என்பது ஆளுநர் சொன்ன காரணம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பழுதாகாத கோழிதான் விற்கவேண்டும் என்றால் நாங்கள் கோழியே விற்க ஏலாது என்று ஒரு கடைக்காரர் கவுன்சிலுக்குச் சொன்னால், கவுன்சில் கோழிச் சட்டத்தையா தூக்கும்? கடையை அல்லவா பூட்டும்! அதுவும், மறுத்து இரண்டு கிழமை கழிந்து, ஒக்ரோபர் 29ஆம் திகதி, கரெக்ரர் ஏஐ தானாகவே அறிவித்தது: 18 வயதுக்குக் குறைந்தவர்கள் அந்தப் பாத்திரங்களோடு தங்குதடையில்லாமல் அரட்டை அடிப்பதை நவம்பர் 25க்குள் நிறுத்தப் போகிறோம் என்று. ஏலாது என்ற காரியம் வழக்கும் செனற் விசாரணையும் வந்தவுடன் ஏலுமாகிவிட்டது.

*

இந்தக் கதையை எடுத்தால் எங்கள் ஆட்கள் சொல்கிற முதல் வசனம் எனக்குப் பாடம். தந்தூர் அடுப்பில் நிற்கிற அண்ணையும் அதையேதான் சொன்னார்.

"சட்டமென்ன சட்டம். தாய் தேப்பன் கவனிச்சால் இந்தப் பிரச்சினை வராது தம்பி."

"அண்ணை, நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டை போறியள்?"

"பன்ரண்டரை, ஒண்டு."

"பிள்ளை பள்ளிக்கூடத்தாலை எத்தனை மணிக்கு வருது?"

அவர் பதில் சொல்லவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டார். அவருடைய மனைவி பராமரிப்பு இல்லத்தில் பின்னேர வேலை. மூன்றரைக்குக் கதவைத் திறந்து வருகிற பிள்ளை இரவு பத்து வரை தனியே. இது அவருடைய குற்றமா? அப்படி வேலை செய்தால்தான் லண்டனில் வாடகை கட்டலாம்.

நேரம் ஒரு பக்கம். மற்றப் பக்கம் மொழி. கொம்பனிகள் இப்போது எடுத்ததற்கெல்லாம் பெற்றோர் கட்டுப்பாடு என்று ஒரு பொத்தானைக் காட்டுகின்றன. எங்கள் வீடுகளில் யார் அந்தப் பொத்தானை அமத்துவது? தகப்பனுக்குப் போன் வாங்கி, மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல் போட்டுக் கொடுத்ததே அந்தப் பிள்ளைதான். டொக்ரரிடம் அம்மாவின் வருத்தத்தைச் சொல்வது பிள்ளை. கவுன்சில் கடிதம் வாசிப்பது பிள்ளை. கரண்ட் பில்லுக்கு போன் எடுத்துக் கதைப்பது பிள்ளை. பத்து வயதிலேயே வீட்டின் திறப்புக்கோர்வையை நாங்கள் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டோம். இப்போது அந்தப் பிள்ளையை வைத்து அறையைப் பூட்டு என்று சட்டம் எங்களிடம் சொன்னால், திறப்பு யாரிடம் இருக்கிறது?

இன்னுமொன்று. பிள்ளைக்குத் துக்கம் வந்தால் அது எந்த மொழியில் வரும்? இங்கே பிறந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வரும். எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் கடை ஆங்கிலம். 'சாப்பிட்டியா, படிச்சியா, படு' என்பதற்கு மேல் எங்கள் தமிழ் பிள்ளைக்குப் போவதில்லை. அந்த இடைவெளிக்குள்தான் இயந்திரம் கதிரை போட்டு உட்காருகிறது. பிள்ளையின் மொழியில், பிள்ளையின் நேரத்தில், பிள்ளைக்குப் பிடித்த குரலில். பேசுவதற்கு ஆளில்லை என்று சொன்ன அந்த 12 வீதத்துக்குள் எங்கள் பிள்ளைகளும் இருப்பார்கள் என்று நினைக்க எனக்குப் பெரிய ஆய்வு தேவையில்லை.

ஆகவே பெற்றோர் கவனிக்கவேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அது சட்டத்துக்குப் பதில் இல்லை. நடாஷாவின் பெற்றோர் கவனமில்லாதவர்களா? தகப்பன் பொதியைப் பார்த்தபிறகுதான் வாங்கினார்கள்.

*

அடுத்ததாகச் சொல்வது வயதுப் பரிசோதனை. 2025 ஒக்ரோபர் 28ஆம் திகதி செனற்றர்கள் ஜொஷ் ஹோலியும் றிச்சட் புளுமென்தாலும் அமெரிக்கச் செனற்றில் கார்ட் சட்டமூலம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் துணைச் சாட்பொட்டையே தடைசெய்கிறது. அதற்காக எல்லாருடைய வயதையும் கொம்பனி உறுதிப்படுத்தவேண்டும் என்கிறது. நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. கடையில் 25 வயதுக்குக் குறைந்தமாதிரித் தெரிகிறவர் பியர் கேட்டால் அடையாள அட்டை கேட்கச் சொல்லித்தான் எங்களுக்கும் பழக்கியிருக்கிறார்கள்.

ஆனால் அகதிக்கு வயதுப் பரிசோதனை என்றால் வேறு ஞாபகங்கள் வரும். நான் வந்த புதிதில் என்னோடு ஒரே அறையில் இருந்த பெடியனுக்கு வயது பதினாறு. பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில் போய்விட்டது. ஓர் அதிகாரி முகத்தைப் பார்த்து, பதினெட்டுக்கு மேல் என்று எழுதிவிட்டார். மீசை கறுப்பாயிருந்ததாம். பள்ளிக்கூடம் போகவேண்டியவன் பெரிய ஆட்களோடு ஒரு வருசம் கிடந்தான். 2025 யூலையில் பிரித்தானிய அரசாங்கம், அகதித் தஞ்சம் கேட்டு வருகிறவர்களின் வயதை முகத்தைப் பார்த்து ஊகிக்க ஏஐயைப் பரீட்சிக்கப் போவதாக அறிவித்தது. சாட்பொட்டின் வாசலிலும் வைக்கச் சொல்வது இந்த மாதிரியான கண்ணைத்தான். முகத்தை வைத்து வயது சொல்கிற கண் யாரைப் பிழையாகப் பார்க்கும், பிழைத்தால் யார் சுமப்பார்கள் என்பது எங்களுக்குப் புதிதில்லை. கடவுச்சீட்டைக் கேட்டால், கடவுச்சீட்டு இல்லாதவர்கள் கணக்கில் இல்லாமல் போவார்கள்.

அதோடு, தெரியாது என்று கொம்பனிகள் சொல்வதை நான் நம்பவில்லை. எஸ்.பி. 243இல் பிள்ளைகளுக்கான கடமைகள், பிள்ளை என்று கொம்பனிக்குத் தெரிந்தால்தான் வரும். என்னுடைய மகளிடம் கேட்டேன், "நீ சின்னப்பிள்ளை எண்டு அதுக்குத் தெரியுமா?" என்று.

"அப்பா, நாளைக்கு எனக்கு சயன்ஸ் ரெஸ்ற் எண்டு சொல்லித்தானே நான் கேள்வியே கேக்கிறன். இயர் எய்ற் எண்டும் சொல்லியிருக்கிறன். பிறகும் தெரியாதோ?"

அவ்வளவுதான் விசயம். சப்பாத்து விளம்பரம் காட்ட வயது தெரிகிறவர்களுக்குப் பாதுகாக்க மட்டும் தெரியாமல் போகிறது. 2025 செப்டெம்பரில் ஓப்பன்ஏஐ கொம்பனியே, ஆள் பாவிக்கிற விதத்தை வைத்து வயதை ஊகிக்கிற முறையைத் தயாரிப்பதாக அறிவித்தது. கலிபோர்னியாவில் 16 வயதுப் பையன் ஒருவனின் பெற்றோர் அந்தக் கொம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது.

அதனால் என் கருத்து இது: வாசலில் நின்று வயது கேட்பது இரண்டாவது வேலை. முதல் வேலை சமையலறையைத் திருத்துவது. பிள்ளையைக் காதலிப்பதாகச் சொல்லாத, பிள்ளையைப் பாலியல் பேச்சுக்குள் இழுக்காத, 'இதை அம்மாவிடம் சொல்லாதே' என்று சொல்லாத, சாகவேண்டும்போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் பேச்சை வளர்க்காமல் மனிதரிடம் அனுப்புகிற இயந்திரத்தை எல்லோருக்கும் பொதுவாகச் செய். இதைவிடக் கூட வேண்டும் என்கிற பெரியவர் அடையாள அட்டையைக் காட்டட்டும். நல்ல கோழி விற்கிற கடையில் வாசலில் ஒருவருக்கும் வயிற்றைப் பரிசோதிக்கத் தேவையில்லை.

*

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. தனிமையில் இருக்கிற பிள்ளைக்கு இந்த இயந்திரம் ஆறுதலாகவும் இருக்கிறது. வீட்டில் அடி, பள்ளிக்கூடத்தில் கேலி, சொல்ல முடியாத இரகசியம், இப்படி இருக்கிற பிள்ளை எங்கே போகும்? எங்கள் சமூகத்தில் மனவருத்தம் என்று வாய் திறந்தால் 'விசர்' என்று பட்டம் கட்டுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். இருக்கிற ஒரே காதையும் பொத்திவிடுவதா என்று கேட்டால், அது நல்ல கேள்வி. ஆனால் பசித்த பிள்ளைக்குப் பழுதான கோழி கொடுப்பது தர்மம் ஆகாது. பசி உண்மை என்பதால் கோழி நல்லதாகிவிடாது. அந்தப் பசிக்கு ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆலோசகர் வேண்டும், கூப்பிட்டால் எடுக்கிற தொலைபேசி வேண்டும். இந்த நாட்டில் 0800 1111 என்ற சைல்ட்லைன் இலக்கம் இருக்கிறது, காசு இல்லை, மற்றப் பக்கத்தில் பேசுவது மனிதர். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கட்டுப்பாடு போட்டால் தொழில்நுட்பம் வளராது என்பதும் ஒரு வாதம். அமெரிக்காவில் மாநிலங்கள் ஏஐக்குச் சட்டம் போடுவதைப் பத்து வருசத்துக்கு நிறுத்திவைக்கவேண்டும் என்று ஒரு முயற்சி நடந்தது. 2025 யூலை 1ஆம் திகதி செனற் அதை 99க்கு 1 என்று தூக்கி எறிந்தது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளும் அன்றைக்கு ஒத்துப்போயின. நடாஷாவின் சட்டம் வந்து பாண் விற்பனை நின்றுவிட்டதா? நாங்கள்தான் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு ஒட்டத் தொடங்கினோம்.

கடைசியாக எங்கள் நாட்டு விசயம். பிரித்தானியாவில் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளைப் பாதுகாக்கிற கடமைகள் 2025 யூலை 25 முதல் நடைமுறைக்கு வந்தன. மீறினால் ஒவ்கொம் என்ற அதிகாரசபை 18 மில்லியன் பவுண்ஸ் வரை, அல்லது கொம்பனியின் உலக வருமானத்தில் 10 வீதம் வரை, எது கூடவோ அதைத் தண்டமாகப் போடலாம். பல்லுள்ள சட்டம்தான். ஆனால் அது எழுதப்பட்டது ஆளோடு ஆள் பேசுகிற தளங்களையும் தேடுபொறிகளையும் நினைத்து. தனியே இயந்திரத்தோடு பிள்ளை பேசினால், அந்தப் பேச்சு சட்டத்தின் ஓட்டையால் விழுந்தது. 2026 ஜனவரியில் குறொக் என்ற ஏஐயை வைத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் படங்களில் உடையைக் களைகிற அசிங்கம் வெளியே வந்தபிறகுதான் அரசாங்கத்துக்குச் சூடு ஏறியது. ஒவ்கொம் அந்த மாதம் 12ஆம் திகதி எக்ஸ் தளத்தின்மீது விசாரணை தொடங்கியது. அடுத்த மாதம் எல்லாச் சாட்பொட்டுகளையும் சட்டத்துக்குள் கொண்டுவருவதாக அரசாங்கம் சொன்னது.

சொன்னது நல்லது. எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் கேள்வி. எள்ளுச் சட்டமாகவா, கோழிச் சட்டமாகவா? 'நான் இயந்திரம்' என்று ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவார்களா, அல்லது அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து குளிர்ப்பெட்டிக்குள் கையை விடுவாரா?

தேர்தல் வந்தால் கோயில் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் வேட்பாளர்கள் வருகிறார்கள். மாலை போடுகிறோம், வடை கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். அடுத்தமுறை வடையோடு இந்தக் கேள்வியையும் கொடுங்கள். ஆங்கிலம் பிழைத்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் சொல்லுங்கள், அது வடிவாகக் கேட்கும்.